அச்சடித்த பன்னிரண்டு மணி

பதினொன்று ஐம்பத்தாறுக்கு ரத்தம் எடுக்கும் அறையில் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார வேண்டிய என் மகள் ரூத், சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராக நின்றாள். ஊசி போட வேண்டியவரைத்தான் காணோம்.

கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். சாப்பிடப் போயிருக்கிறார் என்றாள். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு எடுக்க வேண்டும் என்று முதல் நாளே போனில் சொல்லி, பேசியது யார் என்றும் கேட்டுக் குறித்து வைத்திருந்தேன். பேசியது அவள்தான். குறிப்பேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவள் மரியாதையாகப் படித்துப் பார்த்தாள்.

"பத்து நிமிஷம் மேடம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி."

நான் பிறந்தது ஆஸ்டின் டவுனில். நாற்பத்தாறு வருடங்களாக இந்த ஊரில் இருக்கிறேன். கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்கிற இந்த ஒரே கன்னட வாக்கியத்தை வைத்துத்தான் இங்கே ரோடு போடுகிறார்கள், வீடு கட்டுகிறார்கள், மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் உட்காருகிறார். நானும் எத்தனையோ விஷயத்தில் அனுசரித்திருக்கிறேன். இதில் முடியாது.

ரூத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மருந்து. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பன்னிரண்டு. ஒரு வேளை மருந்தின் வேலை தீர்ந்து, அடுத்த வேளை உள்ளே போவதற்குச் சற்று முன்னால் ரத்தம் எடுத்தால்தான் அந்த மருந்து அவளுக்குப் போதுகிறதா என்று தெரியும். சீக்கிரம் எடுத்தால் நன்றாக இருப்பதுபோல் காட்டும். தாமதமாக எடுத்தால் கணக்கும் தவறும், பிள்ளைக்கு மருந்தும் தள்ளிப் போகும்.

ஊசிக்காரர் பன்னிரண்டு பதினொன்றுக்கு வந்தார். வாயில் பாக்கு இருந்தது. அவரிடம் நான் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. ரூத் என் கைப்பையின் வாரைப் பிடித்து இழுத்து, "மம்மி, போதும். எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

முடிவு வரப் பத்து நாட்கள் ஆயின. இருக்க வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: பதினோரு நிமிடத் தாமதம். நம்புவதற்கில்லை.

தாகம்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முறையாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ரூத்தின் நோய்க்கு சிஸ்டினோசிஸ் என்று பெயர். பிறவியிலேயே வருவது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புரதம் உடைந்து சிஸ்டின் என்றொரு பொருள் மிஞ்சுகிறது. நமக்கெல்லாம் அது வெளியேற ஒரு வழி உண்டு. இவளுக்கு அந்த வழி சரியாக அமையவில்லை. உள்ளேயே தங்கிக் கண்ணாடித் தூள்போலப் படிகமாகிறது. முதலில் சிறுநீரகம் கெடும். கண்ணில் படியும். பிறகு தைராய்டு, எலும்பு, தசை என்று ஒவ்வொன்றாகப் போகும். ஆறு மணி நேர மருந்து அந்தத் தூளைக் கரைத்துக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் மறுபடி சேரும்.

ஒரு வயது ஆவதற்குள்ளேயே அவளுக்குத் தாகம் ஆரம்பித்துவிட்டது. குளிப்பாட்டும் மக்கைப் பிடுங்கிக் குடிப்பாள். ஈரத் துண்டைச் சப்புவாள். ஊறுகாய் பாட்டில் மூடியை நக்கிவிட்டு அடுத்த மூடி எங்கே என்று தேடுவாள். சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்க முடியாமல் வெளியே விட்டுக்கொண்டிருந்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது. முதல் டாக்டர் பல் முளைக்கிறது என்றார். இரண்டாமவர் வெயில் என்றார். மூன்றாமவர், இவ்வளவு தண்ணீர் குடித்தால் எப்படிச் சாப்பிடுவாள், தண்ணீரைக் குறையுங்கள் என்றார்.

குறைத்தோம். இரண்டு நாள். குடத்தை மேலே ஏற்றி வைத்தோம். மூன்றாம் நாள் காலையில் கண் உள்ளே போய், தலை நிற்காமல், ஈரத்துணி மாதிரி தோளில் கிடந்தாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவள் எவ்வளவு குடித்தாள், எவ்வளவு வெளியே போனது, கடைசியாக எப்போது என்று அங்கே கேட்டார்கள். எதையும் நான் குறித்து வைத்திருக்கவில்லை.

குறிப்பேடு அன்றைக்கு ஆரம்பித்தது. இப்போது இருபத்தேழாவது நடக்கிறது.

சொந்தத்தில் கல்யாணமா?

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான். இல்லை என்பேன். கேட்கிற இளம் டாக்டர் என் கணவர் ஜெரால்டை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்ப்பார். முகச்சாயலைத் தேடுகிறாராம். "தூரத்துச் சொந்தம்கூட இல்லையா மேடம்?" அவர் வேலூர்க்காரர். நான் இந்த ஊர். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு கல்யாண வரவேற்பில்தான் முதல் தடவை பார்த்துக்கொண்டோம். அடுத்த முறை வேறொரு இளம் டாக்டர் வருவார். கேள்வி மட்டும் மாறாது. ஒரு கட்டத்தில் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே "நாங்கள் உறவினர் அல்ல" என்று எழுதி வைத்துவிட்டேன். அதைப் படித்துவிட்டும் கேட்டார்கள்.

சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். யாரென்றே தெரியாத இரண்டு பேரும் ஒரே குறையைத் தெரியாமல் சுமந்துகொண்டு வரலாம். இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பங்கு சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய் என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். அந்தப் படத்தை ஒரு ஞானஸ்நான விருந்தில் நானும் பேப்பர் நாப்கினில் போட்டுக் காட்டினேன். என் அண்ணன் கவனமாகக் கேட்டுவிட்டு, அப்போ ஜெரால்ட் பக்கமிருந்து வந்திருக்கிறது என்றான். என் நாத்தனாரும் அதே நாப்கினைப் பார்த்தார். "எங்க வீட்டுல யாருக்கும் கிட்னில ஒண்ணும் இல்லம்மா. உங்க சித்தப்பாக்கு சுகர் இருந்துச்சுல்ல?" என்று பிரியாணி பரிமாறிக்கொண்டே கேட்டார். நாப்கினை மடித்து எலும்பு போடும் தட்டில் வைத்தேன்.

வாழைத்தண்டு

இந்தத் தொடர் வரத் தொடங்கிய பிறகு எனக்கு வரும் கடிதங்களில் பாதி வாழைத்தண்டைப் பற்றியவை. அன்போடுதான் எழுதுகிறீர்கள். ஆனாலும் சொல்கிறேன். வாழைத்தண்டுச் சாறு, பார்லிக் கஞ்சி, நெருஞ்சி முள் எதுவும் ரூத்தின் செல்லுக்குள் போய் அந்தப் படிகத்தைக் கரைக்காது. தயவுசெய்து அனுப்ப வேண்டாம். போன மாதம் ஒருவர் கூரியரில் தண்டையே அனுப்பிவிட்டார். வந்து சேர்வதற்குள் கறுத்துவிட்டது.

நீங்கள் கேட்காத விஷயம் ஒன்று உண்டு. மருந்தின் நாற்றம். மாத்திரையை விழுங்கி அரை மணி ஆனதும் அவள் மூச்சிலும் வியர்வையிலும் அழுகிய முட்டை வாடை வரும். இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். வீட்டில் எங்களுக்குப் பழகிவிட்டது. விருந்தாளி வந்தால்தான், அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்புவதைப் பார்த்து, ஓ வாடை வருகிறது போல என்று ஞாபகம் வரும்.

ரூத்துக்குப் பத்து வயது. பார்த்தால் ஏழு சொல்லலாம். வெளிச்சம் கண்ணைக் குத்துவதால் வகுப்பிலும் கறுப்புக் கண்ணாடி. ஃபிரிட்ஜில் வைக்கும் கண் சொட்டு மருந்தைப் பள்ளிக்கு ஐஸ் டப்பாவில் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் வேறு. இத்தனையோடு ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை நான் ஒரு பட்டியலாகவே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாவது தடவை

மறுபடி ரத்தம் கொடுத்தோம். இந்த முறை வேறு ஆய்வகம். பன்னிரண்டு அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது ஊசி இறங்கியது. குறை சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

முடிவு முன்னதைவிட அதிகம். கூடவே கிரியாட்டினினும் ஏறியிருந்தது. சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் எவ்வளவு கழிவை விட்டுவைக்கிறது என்று காட்டும் எண் அது.

ரூத்தைப் பார்க்கும் டாக்டர் கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசுவார். காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"எமிலி, லேப் ஒரு தடவை தப்பு பண்ணும். ரெண்டு தடவை பண்ணாது. எங்கேயோ மருந்து உள்ளே போகல்ல."

நான் குறிப்பேட்டை அவர் முன்னால் வைத்தேன். ஆறு மாதப் பக்கங்கள். நாலு வேளை. ஒரு கட்டம்கூடக் காலியில்லை. பள்ளியில் கொடுக்கும் பகல் வேளைக்குத் தனித் தாள், ஒவ்வொரு நாளுக்கும் பள்ளி நர்ஸின் கையெழுத்து. மாத்திரைகளையும் எண்ணியிருந்தேன். மிச்சம் சரியாக இருந்தது.

அவர் பக்கங்களைப் புரட்டவில்லை. "மாற்றுச் சிறுநீரகம் பத்தி இவ காலேஜ் போற வயசுல பேசலாம்னு நினைச்சிருந்தேன். இப்படியே போனா எட்டாங்கிளாஸ்லயே பேசணும். அவ்ளோதான் சொல்ல முடியும்."

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது ஜெரால்ட் என் கையிலிருந்த குறிப்பேட்டை வாங்கிக்கொண்டார். பிறகு, "யாரோட கிட்னி நல்லது, உன்னோடதா என்னோடதான்னு அதுக்கும் ஒரு டேபிள் போட்டு வச்சிருப்பியே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. உண்மையிலேயே போட்டு வைத்திருந்தேன்.

டாக்டர் மேல் கோபம், மருந்துக் கம்பெனி மேல் கோபம். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும்போது வெயிலில் வைத்திருப்பார்கள், மருந்து வீரியம் இழந்திருக்கும் என்று அன்று மாலை முழுக்க வாதாடினேன். அந்த மாலையும் ரூத் ஆறு மணி மருந்துக்குப் பிறகு வாந்தி எடுத்தாள். சில மாதங்களாகவே அப்படித்தான். குறிப்பேட்டில் "மாலை வாந்தி. வேன் பயணம் காரணமோ?" என்று எழுதி எழுதி, கடைசியில் "மா.வா." என்று சுருக்கிவிட்டிருந்தேன்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டேன். நாலு வேளையில் மூன்று வேளை மருந்து என் கையால் போகிறது. மிச்சம் இருப்பது ஒன்று.

ஸ்டெல்லா சிஸ்டர்

பள்ளியின் மருத்துவ அறை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. ஒரு கட்டில், பினாயில் வாடை, எடை பார்க்கும் இயந்திரம். ஸ்டெல்லா சிஸ்டர் கோலார் தங்கவயல்காரர். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சொல்லாமல் வந்து நின்றதைப் பார்த்து எழுந்தார். சும்மா பார்க்க வந்தேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். பதினொன்று ஐம்பது.

அவர் பஞ்சு உருட்டினார். நான் சுவர்க் கடிகாரத்தை என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். பன்னிரண்டு ஆனது. யாரும் வரவில்லை. பன்னிரண்டு ஐந்து. மணி அடித்தது, மேலே நாற்காலிகள் இழுபட்டன, படிகளில் பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள். ரூத் வரவில்லை.

"வர மாட்டா மேடம்" என்றார் சிஸ்டர், பஞ்சைப் பார்த்துக்கொண்டே. "மூணு பத்துக்கு வருவா. லாங் பெல் அடிச்சதும். இங்கயே நின்னு முழுங்கிட்டு வேன் ஏறுவா. ஒரு நாள் தவறினதில்ல."

அலமாரிக் கதவில் என் தாள் ஒட்டியிருந்தது. அன்றைய தேதிக்கு நேரே அவர் கையெழுத்து அதற்குள் விழுந்திருந்தது. பக்கத்தில் 12.00.

பொய்யாக எழுதியிருக்கிறீர்களே என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"நான் எங்க மேடம் எழுதினேன்?" அவர் எழுந்து அலமாரிக் கதவைத் திறந்து தாளை என் பக்கம் திருப்பினார். "பன்னண்டுன்னு நீங்கதான் அச்சடிச்சிக் குடுத்தீங்க. மாசம் முழுக்க. கையெழுத்து மட்டும் போடுங்கன்னீங்க, போட்டேன். எத்தன மணிக்குக் குடுத்தேன்னு எழுத அதுல எடமே இல்ல."

நான் தாளைப் பார்த்தேன்.

"போன வருஷம் ஒரு நாள் பத்து நிமிஷம் லேட்டுன்னு எழுதினேன். பிரின்சிபால் வரைக்கும் போன் போட்டீங்க. அதுக்கப்பறம்தான் இந்தப் பேப்பர் வந்துச்சு. இனிமே உங்ககிட்ட எவ வந்து சொல்லுவா?"

நான் வைட்ஃபீல்டில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். தராசு, வெப்பமானி, அழுத்தமானி. இருபத்திரண்டு வருடம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி, எல்லாக் கருவியும் தினமும் ஒரே அளவுதானே காட்டுகிறது என்று, கட்டங்களில் எண்களை முன்னதாகவே நிரப்பி வைத்துவிட்டாள். அந்தத் தாளை அவள் முன்னாலேயே கிழித்துப் போட்டு, இதைவிட ஒன்றும் எழுதாமலே இருந்திருக்கலாம் என்று சொன்னவள் நான்.

காலை ஆறுக்கும் பகல் மூன்று பத்துக்கும் இடையில் ஒன்பது மணி நேரம். தூள் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. பிறகு மூன்று மணி நேரத்துக்குள் அடுத்த வேளை. வயிறு தாங்காமல் வாந்தி. அந்த வேளையும் பாதி வெளியே. மாத்திரைக் கணக்கு மட்டும் சரியாக இருந்தது.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து என்றார். ஏன் என்றும் கேட்டேன்.

"அத அவகிட்டயே கேளுங்க. கொழந்த கெஞ்சிச்சு, எனக்கு மனசு வரல. தப்பு எம்மேலயும்தான்."

சாப்பாட்டு மணி

ரூத்திடம் நான் நிதானமாகப் பேச வேண்டும் என்று ஜெரால்ட் போனில் மூன்று முறை சொன்னார். நிதானமாகத்தான் ஆரம்பித்தேன். ஒன்பது மணி நேரம் என்றால் என்ன தெரியுமா, அந்த நேரத்தில் கிட்னியில் என்ன நடக்கும் தெரியுமா என்று பத்து நிமிடம் பேசினேன். அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"பன்னண்டுக்குச் சாப்பிட்டா பன்னண்டரைக்கு நாத்தம் வரும். அதான் லஞ்ச். க்ளாஸ்ல நாறினா பரவால்ல மம்மி, மிஸ் யாரையும் எடம் மாற விட மாட்டாங்க. லஞ்ச்ல யாரு வேணா எந்திரிச்சுப் போலாம். போவாங்க."

மூன்று பத்துக்குச் சாப்பிட்டால் வேனில் மட்டும்தான். வேனில் அவள் டிரைவர் பக்கத்து சீட், ஜன்னல் திறந்திருக்கும். எல்லாவற்றையும் அவளே யோசித்து வைத்திருந்தாள். அதற்கு அவள் கொடுத்த விலை அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னேன். ஒரு நாள். நீ, யாரு எந்திரிச்சுப் போனாங்க, பேரு சொல்லு, நான் எழுதிக்கறேன்னு சொன்ன."

சொல்லியிருப்பேன். குறிப்பேட்டைத் தேடிப் பார்த்தேன். நவம்பர் மாதப் பக்கம் ஒன்றில் இரண்டு சிறுமிகளின் பெயர் இருந்தது. கீழே, "பள்ளிக்குக் கடிதம் எழுத வேண்டும்" என்று இருந்தது.

அன்று சாப்பாட்டு மேஜையில் மூவரும் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆறு மணி நேர இடைவெளியை மாற்ற முடியாது. எங்கே ஆரம்பிப்பது என்பதை மாற்றலாம். நான் நாலு யோசனை சொன்னேன். ரூத் நாலையும் தள்ளினாள். கடைசியில் அவளே சொன்னாள், பள்ளி கேட்டில் இறங்கும்போது எட்டரை. அப்போது சாப்பிட்டால் ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை நாற்றம், அது வகுப்பு நேரம். சாப்பாட்டு மணிக்குள் அடங்கிவிடும். அடுத்தது இரண்டரை, கடைசி பீரியட். பிறகு இரவு எட்டரை. அதற்கடுத்தது விடியற்காலை இரண்டரை.

"ரெண்டரைக்கு யாரு எந்திரிக்கிறது?" என்றார் ஜெரால்ட்.

"நீங்கதான் டாடி. மம்மி எந்திரிச்சா லைட்டப் போட்டு எழுதுவாங்க."

டாக்டரிடம் கேட்டேன். இடைவெளி சரியாக இருந்தால் எந்த நேரமானால் என்ன, இதை முதலிலேயே ஏன் கேட்கவில்லை என்றார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஸ்டெல்லா சிஸ்டருக்குப் புதுத் தாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். நேரத்துக்கான கட்டம் காலி. வாந்தி, தலைவலி, வேண்டாம் என்றாள் என்று என்ன வேண்டுமானாலும் எழுத ஒரு அகலமான கட்டம். அவர் தாளைத் திருப்பிப் பார்த்து, "போன் பண்ண மாட்டீங்களே?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். முதல் வாரத்தில் ஒரு நாள் 2.52 என்று எழுதியிருந்தது. கைபேசியை எடுத்து, வைத்துவிட்டேன்.

மாலை வாந்தி நின்றது.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தோம். டாக்டர் அறையில் இந்த முறை ரூத்தும் உட்கார்ந்திருந்தாள். சிஸ்டின் நன்றாக இறங்கியிருந்தது. கிரியாட்டினின் இறங்கவில்லை. ஏறவும் இல்லை. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றுவோம் என்றார் டாக்டர். எட்டாம் வகுப்பைப் பற்றி அவர் பேசவில்லை. காலேஜைப் பற்றியும் பேசவில்லை.

வராந்தாவில் ரூத் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். கிரியாட்டினினில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய எண் எது, இப்போதைய எண் எது என்று கேட்டாள். இத்தனை நாளும் எல்லாம் ஓகே என்றுதான் அவளிடம் சொல்லி வந்திருக்கிறேன். அன்று இரண்டையும் காட்டினேன். விரலால் ஒன்றிலிருந்து மற்றதற்கு இழுத்தாள்.

"இதுல எவ்ளோ என்னால?"

அதைக் கணக்கிட முடியுமா என்று நான் நிஜமாகவே ஒரு நிமிடம் யோசித்தேன். நோய் எவ்வளவு, மூன்று பத்து எவ்வளவு, அந்தத் தாள் எவ்வளவு.

"தெரியாது" என்றேன்.

அவள் நிமிர்ந்து, கண்ணாடியை இறக்கி, அந்த வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீ தெரியாதுன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல மம்மி" என்றாள். காகிதத்தை நாலாக மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள். நான் திருப்பிக் கேட்கவில்லை.